பெயர் இல்லாத பிக்அப்: அடையாளம் காண்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது ஜப்பான் பழைய சாமான் கடைகளில்தான். சைக்கிள், மின்விசிறி, ரைஸ் குக்கர் இவற்றுக்கு நடுவே ஒரு கிட்டார் சுவரில் சாய்ந்து நிற்கும். சில நேரம் கிட்டார் இருக்காது. ரேடியோ உதிரிகள் கிடக்கும் பிளாஸ்டிக் கூடையில் ஒரு பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மட்டும், இரண்டு அங்குல வயரோடு கிடக்கும். அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. "அண்ணே, இது என்ன பிக்அப்?" என்று கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கும் தம்பிகளும், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும், வேலை மேஜையில் எனக்குக் கிடைத்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயரே இல்லாத ஒரு பிக்அப்பை உண்மையிலேயே அடையாளம் காண முடியுமா?

வகையை முடியும். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்பதைப் பல நேரம் முடியாது. இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச் சுருளா இரட்டைச் சுருளா, காந்தம் எது, கம்பி எவ்வளவு சுற்றியிருக்கிறது, வயர் எப்படி இணைந்திருக்கிறது, உயிரோடு இருக்கிறதா இல்லையா: இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கிட்டாரில் மாட்டி வாசிக்க இதுவே போதும். கம்பெனிப் பெயர் விற்கிறவருக்குத்தான் அதிகம் தேவை.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். தெய்ஞ்சி மார்க்கெட் பக்கத்துத் தெருக்களில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். 20 கிலோ ஓம் ரேஞ்ச் தனியாக இருந்தால் நல்லது. ஒரு சின்னத் திசைகாட்டி. ஒரு இரும்புத் திருப்புளி. ஒரு ஸ்கேல், முடிந்தால் வெர்னியர் காலிப்பர். நல்ல வெளிச்சம். கையில் உள்ள செல்போன் கேமரா பூதக்கண்ணாடி வேலையைச் செய்துவிடும்.

எல்சிஆர் மீட்டர் என்று ஒன்று உண்டு, சுருளின் இண்டக்டன்ஸை அளப்பது. வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. ஆனால் இருந்தால் மல்டிமீட்டர் சொல்லாத செய்தியை அது சொல்லும். பின்னால் வருகிறேன்.

கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

மீட்டரைத் தொடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். மேலே எத்தனை போல் பீஸ் இருக்கிறது? தந்திக்கு நேர் கீழே நிற்கும் அந்தக் குச்சிகளைத்தான் சொல்கிறேன். ஆறு குச்சி ஒரே வரிசையில் இருந்தால் பெரும்பாலும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). இரண்டு வரிசை இருந்தால் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள்). நான்கு அல்லது எட்டு என்றால் அது பேஸ் கிட்டாருடையதாக இருக்கலாம். இது தெரியாமல் காசு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

அப்புறம் அளவு. முழு அளவு ஹம்பக்கர் சுமார் 70 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். மினி ஹம்பக்கர் நீளத்தில் கொஞ்சம்தான் குறைவு, அகலம் 29 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். சோப்புக்கட்டி போல அகலமாக, நடுவில் ஆறு ஸ்க்ரூவோடு இருந்தால் பி-90 என்ற சிங்கிள் காயில் வகை. லிப்ஸ்டிக் குழாய் போலப் பளபளவென்று இருந்தால் டானெலக்ட்ரோ வகை. அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் உண்மையான லிப்ஸ்டிக் குழாய்களைத்தான் பயன்படுத்தியது.

முதல் குச்சிக்கும் ஆறாவது குச்சிக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். 49, 50 மி.மீ. வந்தால் கிப்சன் கம்பெனிக் கிட்டார் பாணி இடைவெளி. 52, 53 வந்தால் ஃபெண்டர் கம்பெனிக் கிட்டார் பாணிப் பாலத்துக்கு (தந்திகள் அமரும் பிரிட்ஜ்) செய்தது. குச்சிகள் தந்திக்குச் சற்று விலகி நின்றாலும் பிக்அப் வேலை செய்யும். ஆனால் எந்தக் கிட்டாருக்காகச் செய்தார்கள் என்பதற்கு இந்த இடைவெளி நல்ல தடயம்.

அடிப்பக்கத்தில் என்ன தேடுவது?

அங்கேதான் அதிகம் கிடைக்கும். மேல் பக்கம் எல்லோரும் பார்ப்பதற்காகச் செய்தது, அடிப்பக்கம் செய்தவர் தனக்காகச் செய்தது.

ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்) மாதிரிப் பிக்அப்பைக் கவிழ்த்தால் இரண்டில் ஒன்றைக் காண்பீர்கள். ஆறு குச்சிகளின் அடிமுனையும் கெட்டி அட்டை போன்ற கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தகட்டில் துளைத்து வெளியே தெரிகிறது, வேறொன்றும் இல்லை என்றால், அந்தக் குச்சிகளே காந்தம். ஃபெண்டர் தொடக்கத்திலிருந்து செய்த முறை அது. மாறாக, பிளாஸ்டிக் பாபினின் (கம்பி சுற்றும் சட்டம்) அடியில் ஒன்றோ இரண்டோ கறுப்புக் காந்தப் பட்டை ஒட்டியிருந்தால், மேலே தெரியும் குச்சிகள் வெறும் இரும்பு. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும். அதை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம், அதன் சத்தம் வேறு மாதிரி, அவ்வளவுதான்.

ஹம்பக்கர் என்றால் அடித்தகட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளி போல மங்கலாக இருந்தால் நிக்கல் சில்வராக இருக்கலாம். ஓரத்தில் லேசாகச் சுரண்டும்போது மஞ்சளடித்தால் பித்தளை. மேலே உலோக மூடி இருந்தால், மூடியும் தகடும் சேரும் இரண்டு ஈயப் பொட்டுகளைக் கவனியுங்கள். ஈயம் கலைந்து, இரண்டு நிறமாகத் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கிறார்கள்.

மல்டிமீட்டரில் எண் வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பிக்அப்புக்குள் இருப்பது தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. வழக்கமாகப் பயன்படும் 42 கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மி.மீ., 43 கேஜ் 0.056 மி.மீ. இதை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறார்கள். மீட்டர் காட்டுவது அந்தக் கம்பியின் மொத்த மின்தடை மட்டுமே. கம்பி நீளமானால் எண் ஏறும். கம்பி மெலிந்தாலும் எண் ஏறும். ஆகவே 14 கிலோ ஓம் காட்டும் பிக்அப் 7 கிலோ ஓம் பிக்அப்பை விட இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று நினைக்க வேண்டாம்.

தோராயமான வழிகாட்டி இது. ஸ்ட்ராட் வகை 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை. டெலிகாஸ்டர் பாலத்துப் பிக்அப் 6 முதல் 7.5. பி-90 சுமார் 7 முதல் 9. பழைய கிப்சன் பாணி ஹம்பக்கர் 7 முதல் 9. கிரெட்ச் கிட்டார்களில் வரும் ஃபில்டர்ட்ரான் 4 சுற்றுவட்டாரம். சத்தம் கூட்டிச் செய்த ஹம்பக்கர்கள் 12, 14, 16 வரை போகும்.

பாருங்கள், பி-90யும் ஹம்பக்கரும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இங்கேதான் வழுக்கும். எண்ணோடு உருவத்தையும் காந்தத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்சிஆர் மீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு: இண்டக்டன்ஸ் எண் சத்தத்தின் தன்மைக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்ட்ராட் வகை சுமார் 2.2 முதல் 2.5 ஹென்றி, பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 5, பி-90 அதற்கும் மேலே. எண் ஏற ஏற உச்சஸ்தாயி மழுங்கி, நடு ஒலி தடிக்கும். மீட்டரில் 20 ஹென்றி ரேஞ்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2 ஹென்றியோடு நின்றுவிடும் மீட்டர் இதற்கு உதவாது.

காலையில் 7.9 காட்டியது, மதியம் 8.2 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை, வெயில். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டும் பிக்அப், திங்யான் (ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழா) நேரத்து 38 டிகிரி மதியத்தில் 8.4 காட்டும். பிக்அப்பில் ஒன்றும் மாறவில்லை.

ஒருமுறை ஒரு தம்பி பாக்கெட்டில் வைத்துக் கொண்டுவந்த பிக்அப்பை உடனே அளந்தேன். உடம்புச் சூடு ஏறியிருந்தது. மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. அதிலிருந்து எந்தப் பிக்அப் வந்தாலும் கால் மணி நேரம் மேஜையில் வைத்துவிட்டுத்தான் அளக்கிறேன், பக்கத்தில் அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்கிறேன். குளிர் நாட்டில் அளந்த எண்ணோடு நம் ஊர் எண்ணை ஒப்பிடும்போதும் இதை மறக்க வேண்டாம். மீட்டரின் முனைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அளப்பதும் தவறு. உங்கள் உடம்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மீட்டரில் எதுவுமே வரவில்லை. செத்துவிட்டதா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். எங்காவது தொடர்பு அறுந்திருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். முதலில் மீட்டர் முனையை வயரின் நுனியில் வைக்காமல், வயர் பிக்அப்போடு சேரும் ஈயப் பொட்டில் வைத்துப் பாருங்கள். பாதி நேரம் வெளி வயர்தான் உள்ளே முறிந்திருக்கும்.

அங்கும் ஒன்றும் வராவிட்டால், மெல்லிய கம்பி அந்த ஈயப் பொட்டுக்கு வந்து சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நம் ஊர் மழைக்காலம் ஐந்து மாதம் நீள்வது. ஈரமும், கையின் வியர்வை உப்பும் சேர்ந்து செம்பைப் பச்சையாக்கி அரித்துவிடும். அரிப்பு தொடங்குவது பெரும்பாலும் அந்த முனையில்தான், சுருளின் உள்ளே அல்ல. பச்சைப் பொட்டு தெரிந்தால், வெளிச் சுற்றிலிருந்து ஒரு சுற்றை விடுவித்து மறுபடி பற்றவைத்தாலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் அறுந்தது உள்முனை என்றால் திரும்பச் சுற்றுவதுதான் வழி.

எண் வருகிறது, ஆனால் இருக்க வேண்டியதில் பாதிதான் என்றால், ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் இணைந்திருக்கலாம்; கால் பங்குதான் என்றால் இரண்டும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைந்திருக்கலாம். ஒரு சுருள் 4 கிலோ ஓம் என்றால் தொடராக 8, பக்கவாட்டில் 2. கணக்குப் போட்டாலே விளங்கிவிடும்.

காந்தம் அல்னிகோவா செராமிக்கா என்று பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதற்கும் அதே மல்டிமீட்டர்தான். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம், மின்சாரம் கடத்தும். செராமிக் என்பது ஃபெரைட், சுட்ட மண் போன்ற பொருள், கடத்தாது. மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து, இரண்டு முனையையும் காந்தத்தின் மேலேயே, ஒன்றுக்கொன்று தொடாமல் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அல்னிகோ, எதுவும் வராவிட்டால் செராமிக். முனைக்கும் காந்தத்துக்கும் நடுவே மெழுகோ தூசியோ இருந்தால் தவறான பதில் வரும், அதனால் அந்த இடத்தை லேசாகத் துடைத்துவிட்டு வையுங்கள்.

ஹம்பக்கரில் காந்தப்பட்டை இரண்டு சுருளுக்கும் அடியில், நடுவில் படுத்திருக்கும். பக்கவாட்டில் ஒட்டுத் துணியை விலக்காமலே, முனைப்பக்கம் பட்டையின் நுனி தெரியும். சொரசொரப்பாக, கரும்பலகைச் சிலேட்டு போல இருந்தால் செராமிக். உலோகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அல்னிகோ.

ஒரு எச்சரிக்கை. அல்னிகோ பிக்அப் இரண்டை முகத்தோடு முகம் வைத்து ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும்படி நெருக்கிவைத்தால் அல்னிகோ தன் காந்தத்தை இழக்கக்கூடும். செராமிக் அவ்வளவு எளிதில் இழக்காது.

திசைகாட்டி எதற்கு?

எந்த முனை மேலே பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள. ஹம்பக்கரில் ஒரு வரிசை வடக்கு, மறு வரிசை தெற்கு என்று எதிரெதிராக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசை காட்டினால் அது ஹம்பக்கராக இயங்காது, இரைச்சலை அடக்காது. இரண்டு சிங்கிள் காயில் சேர்த்து மாட்டும்போதும் இந்தத் தகவல் வேண்டும்.

நான்கு வயர் வருகிறது, எது எதோடு சேரும்?

நான்கு வயரும், கூடவே தோல் உரித்த ஒரு தரை வயரும் வந்தால், இரண்டு சுருளின் நான்கு நுனிகளையும் தனித்தனியாக வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். மீட்டரை எடுத்து எந்த இரண்டுக்கு நடுவே எண் வருகிறது என்று ஜோடி பாருங்கள்.

இதிலேயே ஒரு தடயம் கிடைக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரு ஜோடி, சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி என்றால் அது சீமோர் டன்கன் முறை. சிவப்பும் கறுப்பும் ஒரு ஜோடி, பச்சையும் வெள்ளையும் ஒரு ஜோடி என்றால் டிமார்சியோ முறை. இந்த நிறங்களை வேறு பலரும் பின்பற்றுவதால் இதை வைத்துக் கம்பெனிப் பெயரைச் சத்தியம் பண்ண வேண்டாம்.

அடுத்தது திசை. ஒரு ஜோடியை மீட்டரில் கோர்த்து, 20 கிலோ ஓம் ரேஞ்சில் கையால் நிறுத்துங்கள். தானாக ரேஞ்ச் மாறும் மீட்டர் என்றால் அதைப் பூட்டிவிடுங்கள். எண் 4.02 என்று நின்றதும், இரும்புத் திருப்புளியின் தண்டை அந்தச் சுருளின் குச்சிகள் மேல் படுக்கவைத்து, வெடுக்கென்று மேலே இழுங்கள். எண் ஒரு நொடி துள்ளும். 4.3க்கு ஏறிவிட்டு இறங்குகிறதா, 3.7க்கு இறங்கிவிட்டு ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் மீட்டரின் சிவப்பு முனை தொட்ட வயருக்கு ஒரு பொட்டு வையுங்கள். இறங்கினால் முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடி பாருங்கள். இரண்டாவது சுருளுக்கும் இதையே செய்யுங்கள்.

இப்போது பொட்டு வைத்த வயர் இரண்டு, வைக்காதவை இரண்டு. இரண்டு சுருளின் காந்த முனையும் எதிரெதிர் என்பதைத் திருப்புளிச் சோதனையே கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே முதல் சுருளின் பொட்டில்லாத வயரை இரண்டாவது சுருளின் பொட்டு வைத்த வயரோடு சேர்த்து, மீதி இரண்டையும் வெளியே எடுத்தால் ஹம்பக்கர் தயார். சேர்த்த பிறகு மொத்தச் சுருளையும் ஒருமுறை இதே திருப்புளிச் சோதனையில் பாருங்கள். எந்த வரிசையிலிருந்து திருப்புளியை இழுத்தாலும் எண் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

அடியில் "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்" (காப்புரிமை கோரப்பட்டுள்ளது) ஸ்டிக்கர் இருக்கிறது. நம்பலாமா?

ஸ்டிக்கரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் ஹம்பக்கருக்கு 1955-இல் காப்புரிமை கோரினார்; 1959-இல் கிடைத்தது, எண் 2,896,491. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பிக்அப்கள் 1957 முதல் சுமார் 1962 வரை வந்தவை. அதன் பிறகு காப்புரிமை எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. ஆனால் அதில் அச்சிட்ட எண் 2,737,842. அது பிக்அப்புக்கான எண்ணே அல்ல, லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் பெயரில் உள்ள பாலம்-டெயில்பீஸ் (தந்திகளைத் தாங்கிப் பிடிக்கும் பாகம்) காப்புரிமையின் எண். உண்மையான பழைய பிக்அப்பிலும் இந்த "தப்பான" எண்தான் இருக்கும்.

ஸ்டிக்கர்கள் தனியாக அச்சடித்து விற்கப்படுகின்றன. ஸ்டிக்கரைப் பார்க்கும் நேரத்தில் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

ஸ்க்ரூவில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் செய்த ஹம்பக்கரின் சரிசெய்யும் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் வெட்டியது, அங்குலத்துக்கு 40 மறை (திருகு வரி). ஜப்பான், கொரியா, சீனப் பிக்அப்களில் வழக்கமாக 3 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூ, மறைக்கு மறை அரை மி.மீ. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்கேல் மேல் வைத்து, செல்போனில் பெரிதாக்கிப் படமெடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் 20 மறை எண்ணினால் மெட்ரிக், 16-க்குச் சற்றுக் குறைவாக எண்ணினால் அங்குலம். கண்ணால் எண்ணியே முடிவு தெரியும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஒரு விதிவிலக்கு, யாராவது ஸ்க்ரூவை மாற்றியிருக்கலாம். ஆறும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஜப்பான் பிக்அப் என்றால் மட்டமானதா?

இந்த எண்ணத்தை நம் ஆட்கள் விட வேண்டும். 1960-களில் டெய்ஸ்கோ, குயாடோன் போன்றவர்கள் செய்த மலிவுக் கிட்டார்களில் வந்த தங்கத்தாள் பிக்அப்களை இன்று உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். மெல்லிய உலோகச் சட்டத்துக்குள் தங்க நிறத் தாள் பளிச்சிடும். மேலே குச்சி தெரியாததும் உண்டு, ஒரு வரிசை ஸ்க்ரூ தெரிவதும் உண்டு. உள்ளே ரப்பர் போல வளையும் ஃபெரைட் காந்தம் இருக்கும். ஒலி மென்மையாக, திறந்த வாயோடு பாடுவது போல வரும். அமெரிக்காவில் டிஆர்மண்ட் செய்த தங்கத்தாளும் உண்டு, அது ஹார்மனி கிட்டார்களில் வந்தது. இரண்டும் வேறு வேறு.

1970-களில் கிரெக்கோ, ஐபனெஸ் கிட்டார்களில் வந்த ஹம்பக்கர்கள் பல, மாக்சன் என்ற பெயருக்கு உரிமையாளரான நிஷின் ஒன்பா கம்பெனி செய்தவை. அடித்தகட்டில் பெயர் இராது, மையில் குத்திய எண்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த எண்ணை அழித்துவிடாமல், எதையும் தேய்க்கும் முன் படமெடுத்து வையுங்கள். பழைய ரிப்பேர்காரர்கள் ஆல்கஹால் பஞ்சால் துடைத்து எத்தனையோ எண்களை அழித்திருக்கிறார்கள்.

கடையில் கிட்டாரைப் பிரிக்க விட மாட்டார்கள். அங்கேயே எப்படி அளப்பது?

கிட்டாரோடு இருந்தால் பிரிக்கவே வேண்டாம். ஒரு கேபிளைச் சொருகி, வால்யூமையும் டோனையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். செலக்டர் சுவிட்சை ஒவ்வொரு பிக்அப்பாக மாற்றுங்கள். 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் 8.0 என்பது 7.87 என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். நடு நிலையில் இரண்டு பிக்அப் சேரும்போது எண் பாதிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒன்று வேலை செய்யவில்லை.

கடைக்காரரிடம் முதலிலேயே "சாயா (பர்மிய மொழியில் மரியாதையாக அழைக்கும் சொல்), மீட்டர் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மறுத்தவர் எனக்கு இதுவரை யாரும் இல்லை.

கிட்டாரிலேயே வால்யூம் கண்ட்ரோலின் முதுகு தெரிந்தால் எண்ணைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. 1376612 என்றால் 1966-ஆம் வருடம் 12-ஆவது வாரம். பிக்அப்பின் வயது அதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் ஈயம் கலையாமல் இருந்தால் நல்ல சாட்சி.

மாட்டாமலே சத்தம் கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு வயரையும் ஒரு ஜாக்கில் தற்காலிகமாகக் கவ்வவைத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகுங்கள். பிக்அப்பை இரும்புத் தந்தி போட்ட எந்தக் கிட்டாரின் தந்திக்கு மேலேயும் கவிழ்த்துப் பிடித்து, தந்தியைத் தட்டுங்கள். சத்தம் வந்துவிடும். ஆறு தந்திக்கும் நகர்த்திப் பார்த்தால் எந்தக் குச்சி பலவீனம் என்பதும் தெரியும்.

கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் வைத்து இரைச்சலைத் தீர்மானிக்காதீர்கள். மலிவு இன்வெர்ட்டரின் அலை சீராக இராது, நல்ல ஹம்பக்கர்கூடக் கரகரக்கும். லைன் கரண்ட் வந்தபின், டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூடியெல்லாம் கறுப்பாக, குச்சியே இல்லாமல், பிளக் மாட்டும் வாய் மட்டும் இருக்கிறது.

ஆக்டிவ் பிக்அப்பாக இருக்கலாம், இஎம்ஜி போன்றது. உள்ளே சிறு சர்க்யூட் இருக்கும், 9 வோல்ட் பேட்டரி வேண்டும். இதில் ஓம் அளந்து பயனில்லை.

சுற்றியுள்ள டேப்பைப் பிரித்துக் கம்பியின் நிறத்தைப் பார்க்கலாமா?

தயவு செய்து வேண்டாம். கம்பியின் பூச்சு நிறம் தடயம்தான். கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு என்றால் பழைய பிளெய்ன் எனாமல், தேன் நிறம் என்றால் ஃபார்ம்வார் என்று சொல்வார்கள். ஆனால் அதைப் பார்க்க டேப்பை உரிக்க வேண்டியதில்லை. டேப்பின் இடுக்கில் டார்ச் அடித்தாலே தெரியும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

பல வருடங்களுக்கு முன், காளியம்மன் கோவில் பக்கம் ஒரு அறையில் நான் இருந்தபோது, ஒரு தங்கத்தாள் பிக்அப் கிடைத்தது. 5.1 கிலோ ஓம், உயிரோடு இருந்தது. உள்ளே என்ன என்று பார்க்கும் ஆசையில் பழைய துணி டேப்பை நுனியைப் பிடித்து இழுத்தேன். நாற்பது வருடப் பசை கம்பியோடு இறுகியிருந்தது. டேப் வந்தபோது அதன் உட்புறத்தில் முடி போல மினுமினுப்பாக ஏழெட்டுச் செம்புக் கம்பி ஒட்டிக்கொண்டு வந்தது. மீட்டரை வைத்தேன், எண் இல்லை. எந்த ஊரிலோ யாரோ உட்கார்ந்து சுற்றிய சுருள் அது. அதைத் திரும்பச் சுற்ற எனக்கு அன்று தெரியாது. இன்று தெரியும், சுற்றியும் வைத்திருக்கிறேன், ஆனால் முதல் ஒலி திரும்பவில்லை.

இவ்வளவும் செய்தும் பெயர் தெரியவில்லை. என்ன செய்வது?

மாட்டி வாசியுங்கள். பாலத்துப் பக்கம், கழுத்துப் பக்கம் இரண்டிலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எண் கூடியது பாலத்துப் பக்கம், குறைந்தது கழுத்துப் பக்கம் என்பது வழக்கம், கட்டாயம் இல்லை.

மாட்டும் முன், அடித்தகட்டில் மையோ ஸ்டிக்கரோ இல்லாத இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்டுபிடித்ததைப் பென்சிலில் எழுதுங்கள். நீங்கள் நினைக்கும் பெயரை எழுத வேண்டாம், அளந்ததை மட்டும் எழுதுங்கள். நாளைக்கு இது யார் கைக்குப் போகுமோ, அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. போன வாரம் தாம்வேயிலிருந்து வந்த ஒன்றில் நான் எழுதி ஒட்டியது இது: "ஹம்பக்கர். 7.64 கிலோ ஓம், 31 டிகிரி. ஸ்க்ரூ பக்கம் 3.80, மறுபக்கம் 3.84. அல்னிகோ. ஸ்க்ரூ பக்கம் தெற்கு. 3 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூ. மூடி திறக்கப்படவில்லை."